வாடைக்காற்றில் ஊதாத கட்டை: ஏர் ரைபிளுக்கு எதில் செய்வது?

போன மாதம் பெரியபட்டினத்திலிருந்து ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைக்குப் பதினான்கு வயது. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் ஒன்றரை வருடப் பயிற்சி. துப்பாக்கி நல்ல துப்பாக்கி, குழலில் ஒரு குறையும் இல்லை. கட்டை மட்டும், அதாவது கையில் பிடித்துத் தோளில் சேர்க்கும் பகுதி, வளர்ந்த ஆணின் உடம்புக்குச் செய்தது. பிள்ளை கழுத்தை நீட்டி, தோளைத் தூக்கி, ஒவ்வொரு பெல்லட்டுக்கும் தன் உடம்பைக் கட்டைக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டிருந்தது. "புதுக் கட்டை செஞ்சிரலாம்ணே. மரத்துலயா, ஃபைபர்லயா, அலுமினியத்துல வருதே அதுவா? நீங்க சொன்னா சரி" என்றார்.

தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் வரும் பெற்றோர் இதையேதான் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால் எழுதிவைக்கிறேன். நான் சொல்வது 4.5 மி.மீ. பெல்லட் சுடும் போட்டி ஏர் ரைபிளுக்கு. உரிமத் துப்பாக்கி என்றால் அதற்கென்று உரிமம் பெற்ற பட்டறையைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

பொருளைப் பேசுமுன் பொருத்தத்தைப் பேச வேண்டும். பத்து மீட்டர் இலக்கில் பத்தாம் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், தசமப் புள்ளி சேர்த்துக் கூட்டினால் உச்சம் 654. அறுபது முறையும் கன்னம் அதே இடத்தில் பட வேண்டும், தோள் அதே இடத்தில் சேர வேண்டும், விரல் அதே கோணத்தில் டிரிகரைத் தொட வேண்டும். கட்டை செய்யும் வேலை இதுதான். அது தேக்கா அலுமினியமா என்பது இலக்குக்குத் தெரியாது.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. பிள்ளை கண்ணை மூடி நின்று, துப்பாக்கியைத் தோளில் வைத்து, தலையைத் தானாகக் கன்னத்தாங்கியில் சாய விடட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். பின்சைட்டின் துளைக்கு நடுவில் முன்சைட்டின் வளையம் தெரிந்தால் உயரம் சரி. தலையை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் கன்னத்தாங்கி தவறு. நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றும். முன்கையும் கையும்தான் தூண். உடல் நீளமும் கை குட்டையுமான பிள்ளைக்கு அந்தத் தூண் எட்டாது, முன்கட்டையின் அடியை இறக்கித்தான் ஆக வேண்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்த அளவுகளை ஷூட்டிங் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஜாக்கெட் இல்லாமல் அளந்துவிடுகிறோம். போட்டியன்று அந்தத் தடிமன் தோளில் ஏறியதும் கட்டை நீளமாகிவிடுகிறது.

இரண்டாவது அளவுகோல் கடற்காற்று. எனக்கு இது மிக முக்கியம், கீழே விரிவாகச் சொல்கிறேன். மூன்றாவது எடையும் சமநிலையும். சர்வதேச விதிப்படி பத்து மீட்டர் ஏர் ரைபிள் மொத்தமாக 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. குழலின் மையக்கோட்டிலிருந்து முன்கட்டையின் அடிவரை 120 மி.மீ. வரைதான் இறக்கலாம். கட்டைவிரல் நுழையும் ஓட்டைக்கு அனுமதி இல்லை. படங்களில் பார்த்த வேட்டைத் துப்பாக்கியைப் போல அழகாக ஓட்டை போட்டுக் கொண்டுவந்த ஒரு கட்டை போட்டியில் பயன்படாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். விதிப்புத்தகம் அவ்வப்போது மாறும். ஆசாரிக்கு முன்பணம் கொடுக்குமுன் நடப்புப் பதிப்பை ஒருமுறை படியுங்கள்.

நான்காவது, பிறகு மாற்ற முடியுமா என்பது. வளரும் பிள்ளைக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. பணம் கடைசி. ஏனென்றால் முதலில் கேட்கும் விலையை விட, சொல்லாமல் விடும் செலவுதான் இதில் அதிகம்.

| வழி | கடற்காற்றில் | எடை | பின்னால் மாற்றம் | சொல்லாத செலவு |
|---|---|---|---|---|
| இருக்கும் கட்டையைத் திருத்துவது | பழைய மரம் எப்படியோ அப்படி | சற்றுக் கூடும் | எளிது | பொறுமை |
| ஒரே துண்டு மரம் | அசையும் | நடுத்தரம் | செதுக்கலாம், ஒட்டலாம் | காய்ந்த மரம், வருடாவருடம் பூச்சு |
| மரைன் பிளைவுட் அடுக்கு | மிகக் குறைவாக அசையும் | சற்று அதிகம் | மரம் போலவே | உளி, ரம்பம் தேய்மானம் |
| ஃபைபர் | அசையாது | அடுக்கைப் பொறுத்தது | கடினம் | அச்சு |
| அலுமினியச் சட்டம் | ஈரத்தால் அசையாது, உப்பு அரிக்கும் | அதிகம் | மிக எளிது | உதிரிப் பாகம், திருகு |

## இருக்கும் கட்டையையே திருத்துவது

எல்லோரும் தாண்டிப்போகும் வழி இது. நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கன்னத்தாங்கிக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கித் துணி டேப்பால் சுற்றுங்கள். பிடியில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, பிள்ளையை இறுக்கிப் பிடிக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். கையின் வடிவம் அப்படியே பதிந்துவிடும். தோளில் படும் பின்தட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் பலகைச் சில்லுகளை வைத்து நீளத்தைக் கூட்டலாம். கட்டை நீளமாக இருந்தால் அறுக்கத்தான் வேண்டும். ஆனால் அறுத்த துண்டைத் தூர எறியாதீர்கள், அடுத்த வருடம் அதுவே சில்லாகத் திரும்பி வரும். இரண்டு வாரம் இப்படியே சுடட்டும். தினமும் கொஞ்சம் மாற்றி, அளவைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அளவுகள் மாறாமல் நின்றால், அட்டைக்குப் பதில் மரம், களிமண்ணுக்குப் பதில் எபாக்ஸி மாவு (இரண்டு பாகம் கலந்தால் கல்லாக இறுகும் பசை). பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டாலும் நஷ்டமில்லை, கையில் இருக்கும் அந்த அளவுகள் இல்லாமல் கீழே சொல்லும் எந்த வழியிலும் இறங்க முடியாது.

இந்த வழி பயன்படாத இடமும் உண்டு. கட்டையின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தாலோ, ஆக்‌ஷன் (குழலும் டிரிகரும் சேர்ந்த உலோகப் பகுதி) உட்காரும் பள்ளம் தளர்ந்திருந்தாலோ மேலே ஒட்டுவதில் பயனில்லை.

## ஒரே துண்டு மரம்

என் முதல் கட்டை தேக்கில் செய்தது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வெயில் காய்ச்சி எடுக்கும்போது செதுக்கி முடித்தோம். ஆக்‌ஷன் கை வைத்துப் பொருத்தியதுபோல் உட்கார்ந்தது. ஐப்பசி மழை தொடங்கி வாடை திரும்பியதும் குண்டு விழும் இடம் மெல்ல மெல்ல நகர்ந்தது. நான் சைட்டைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தேன். மார்கழி முழுக்க என் கை நடுங்குகிறது என்றே நினைத்தேன். கட்டையைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெளியே பளபளவென்று பூச்சு, ஆக்‌ஷனுக்கு அடியில் உள்ள பள்ளத்தில் பூச்சே இல்லாத வெறும் மரம். காற்றின் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. ஒரு பருவத்தின் பயிற்சி அதில் போனது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

காரணம் இதுதான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் இருந்தால் மரத்துக்குள் ஈரம் சுமார் 12 சதவீதத்தில் நிற்கும். காற்று 80-க்குப் போனால் மரம் சுமார் 16-க்கு ஏறும். மரம் நார் ஓடும் நீளவாக்கில் அசைவதே இல்லை எனலாம். குறுக்குவாக்கில்தான் ஊதும், சுருங்கும். ஐந்து சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகையில் அந்த நான்கு சதவீத ஏற்றம் ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அது அப்படியே இலக்கில் தெரியாது. ஆனால் ஆக்‌ஷனைப் பிடிக்கும் திருகின் இறுக்கம் மாறும், அது உட்காரும் இடம் மாறும், குழலின் போக்கு மாறும். அசைவு குறைந்த தேக்கே இப்படி என்றால் மற்ற மரங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக மரத்தை ஒதுக்கிவிட வேண்டாம். மூன்று வேலைகளை ஒழுங்காகச் செய்தால் மரம் கடற்கரையிலும் நிற்கும். பலகையை ஆரப்போக்கில் அறுத்து வாங்குங்கள். அடிமரத்தின் வளையங்கள் கட்டையின் முன்முகத்தில் மேலிருந்து கீழாக நின்றால், அகலத்தில் வரும் அசைவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். பள்ளம், திருகு ஓட்டை, பின்தட்டுக்கு உள்ளே உள்ள முகம் எல்லாவற்றுக்கும் வெளிப்புறத்துக்குக் கொடுக்கும் அதே பூச்சு கொடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பார்க்க அழகு, ஆனால் நீராவியைத் தடுக்காது. பாலியூரித்தேன் அல்லது மெல்லிய எபாக்ஸி பூசுங்கள். வள்ளத்துக்குப் பூசும் மீன் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மூன்றாவதாக, திருகு இறங்கும் இடத்தில் அலுமினியக் குழாய்த் துண்டைத் தூணாக வைத்து, ஆக்‌ஷனுக்கு அடியில் எபாக்ஸி படுக்கை போடுங்கள். திருகின் அழுத்தம் மரத்தை நசுக்காமல் தூண் வாங்கிக்கொள்ளும். ஆக்‌ஷனில் மெழுகு தடவாமல் எபாக்ஸியில் உட்கார வைத்தால் பிறகு கழற்றவே முடியாது, கவனம்.

எந்த மரம்? நன்றாகக் காய்ந்த மரம். ஓர் அங்குலத் தடிமன் காற்றில் காய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. கட்டைக்கு இரண்டரை அங்குலம் வேண்டும், அப்படியென்றால் இரண்டரை வருடம். கடையில் "காஞ்ச மரம்தான்" என்பதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். காரைக்குடியில் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு உத்தரங்கள் விற்பனைக்கு வரும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், அதைவிட நல்லது கிடைக்காது. உள்ளே பழைய ஆணி இருக்கும், தேடி எடுத்துவிட்டு ரம்பத்தில் வையுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுமுன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் எபாக்ஸி உரிந்து வரும். வேங்கை உறுதியானது, ஆனால் தேக்கை விடக் கனம், 5.5 கிலோவைக் கணக்கு வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றை ஒரு வள்ளத்து ஆசாரியிடம் கற்றேன். கட்டையில் முதலில் உடையும் இடம் பிடிக்கு மேலே இருக்கும் கழுத்து. நேர்ப்பலகையில் பிடியைச் செதுக்கினால் நார் அங்கே குறுக்கே அறுபட்டு நிற்கும். வரைபடத்தைக் காட்டியதும் அவர் விரல் நேராக அங்கேதான் போனது. "தம்பி, வங்குக்கு நேர்மரத்த அறுத்து வளைவு எடுத்தா மொத அலையிலயே விட்டுப் போயிரும். வளைஞ்ச கொம்பாப் பாத்து எடுக்கணும்" என்றார். வள்ளத்தின் விலா எலும்பு போன்ற வங்குக்கு இயல்பாகவே வளைந்த கருவேலங் கிளையையும் பூவரசையும் அவர்கள் தேடுவது அதனால்தான். முழுக் கட்டைக்கு அப்படி ஒரு மரம் அமைவது அரிது. ஆனால் பிடியைத் தனியாக வளைந்த பூவரசில் செய்து எபாக்ஸியும் மரையாணியும் வைத்து இணைக்கலாம். நான் அப்படிச் செய்த இரண்டு பிடிகள் இன்றுவரை அசையவில்லை.

வளர்ச்சி நின்ற ஒருவர், அளவுகள் ஒரு வருடமாக மாறாதவர், பக்கத்தில் பொறுமையான ஆசாரி உள்ளவர் என்றால் ஒரே துண்டு மரம் அருமையான வழி. கையில் பிடிக்கும் சுகத்தில் மரத்துக்கு ஈடு நான் பார்த்ததில்லை.

## மரைன் பிளைவுட் அடுக்கு

ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை அடுக்கி எபாக்ஸியில் ஒட்டி, அந்தக் கட்டியிலிருந்து செதுக்குவது. ஒவ்வொரு தாளின் நாரும் அடுத்த தாளுக்குக் குறுக்கே ஓடுவதால் ஒன்று ஊதப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். பிடியின் கழுத்திலும் எப்போதும் ஏதாவது ஒரு திசையில் நார் முழுசாக ஓடும். மரத்தின் இரண்டு நோவுகளுக்கும் இது மருந்து.

எங்கள் கடற்கரைக்கு மரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காய்ந்த உத்தரம் தேடி அலைய வேண்டாம், ராமநாதபுரத்தில் கேட்டாலே பலகை கிடைக்கும். ஆனால் பசை உளியின் முனையைத் தின்றுவிடும், ஆசாரி முணுமுணுப்பார், கூலியும் கூடும். வெட்டிய ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சும்; செதுக்கிய கட்டை முழுக்க ஓரம்தான் என்பதால் எபாக்ஸியை இரண்டு மூன்று முறை ஊற விட வேண்டும். மலிவான பிளைவுட்டில் நடுத்தாளில் இடைவெளி இருக்கும். அது சரியாகத் திருகு போகும் இடத்தில் வந்தால் மொத்த வேலையும் வீண். வாங்கும்போதே நான்கு ஓரங்களையும் பாருங்கள்.

## ஃபைபர்

மண்டபம், பாம்பன் பக்கம் ஃபைபர் படகு வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. மேட் (கண்ணாடி இழைப் பாய்), ரெசின் (அதை இறுக்கும் பிசின்), ஜெல்கோட் (மேற்பூச்சு) எல்லாம் பழகிய பொருள்கள். ஈரத்துக்கு அசையாது, உப்பு அரிக்காது. இந்த இரண்டிலும் ஃபைபர்தான் முதலிடம்.

சிக்கல் வேறு இடத்தில். முதலில் ஒரு மரக்கட்டையை முழுசாகச் செதுக்கி, அதன் மேல் அச்செடுத்து, அந்த அச்சில்தான் ஃபைபர் போட வேண்டும். ஒரே ஒரு துப்பாக்கிக்கு இது இரண்டு வேலை. ஒரே மாடல் துப்பாக்கி வைத்திருக்கும் மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் கணக்கு மாறும்: அச்சு பொது, கன்னத்தாங்கியும் பின்தட்டும் அவரவர்க்கு.

படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். உடம்புக்கு அதைப் போடலாம், ஆக்‌ஷன் உட்காரும் படுக்கைக்கு மட்டும் எபாக்ஸிதான். படகு வேலை செய்யும் தம்பிகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீதம் இருக்கும் ரெசினை ஊற்றிவிடுவார்கள். முன்கட்டையில் வெறும் மேட் போட்டால் வளையும். நீளவாக்கில் ரோவிங், அதாவது நீள இழைக் கற்றை, வேண்டும். திருகு ஃபைபரில் நேரடியாகப் பிடிக்காது, உள்ளே அலுமினியக் கட்டி புதைக்க வேண்டும். தேய்க்கும் தூசி தோலில் அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. முகக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

## அலுமினியச் சட்டம்

நடுவில் ஓர் அலுமினியத் தண்டு, அதில் கன்னத்தாங்கி, பின்தட்டு, பிடி, முன்தாங்கி எல்லாம் தனித்தனியாக நகரும். உலகப் போட்டிகளில் இன்று பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். ஆலன் சாவி ஒன்று போதும். ஐந்து நிமிடத்தில் அளவு மாறும். வளரும் பிள்ளைக்கு இதைவிட ஏற்றது கிடையாது. கையில் பணம் இருந்தால்.

விலை அதோடு நிற்காது. சட்டம் உங்கள் துப்பாக்கி மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கம் உண்டு, ஒரு சிறு திருகு தொலைந்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் சிஎன்சி (கணினி வழி உலோகம் வெட்டும்) பட்டறைகள் நிறைய. வரைபடம் சரியாகக் கொடுத்தால் செய்து தருவார்கள். அந்த வரைபடம் போடத் தெரிந்தவர் வேண்டும், அதுதான் செலவு.

உப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அலுமினியத்தில் ஸ்டீல் திருகு, நடுவில் உப்பு ஈரம்: இரண்டு உலோகமும் சேர்ந்து மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். மரைக்குள் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். அனோடைஸ் செய்த (மேலே அரிப்பைத் தடுக்கும் படலம் ஏற்றிய) சட்டமாக வாங்குங்கள், அலுமினியத்தில் 6061 வகை கடற்காற்றுக்கு 7075-ஐ விடத் தாங்கும். திருகு 316 எஸ்எஸ், மரையில் கொஞ்சம் கிரீஸ். பயிற்சி முடிந்ததும் வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நுரை மெத்தையுள்ள பெட்டி ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதையும் மாதாமாதம் காயவைத்து மாற்றுங்கள்.

பிடியும் கன்னத்தாங்கியும் 3டி அச்சில் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக. களிமண்ணில் பதிந்த கையை அப்படியே ஸ்கேன் செய்து அச்சிட்டால் அருமையாக வரும். பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். அது 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பெட்டி இருந்தால் கன்னத்தாங்கி வளைந்துவிடும். பிஇடிஜி அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள்.

## அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தோம்

புதுக் கட்டை எதுவும் செய்யவில்லை. பதினான்கு வயது, இன்னும் வளரும். பழைய கட்டையின் பின்பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் அறுத்து, அந்தத் துண்டையே இரண்டு சில்லாக்கி எடுத்து வைத்தோம். பின்தட்டுக்கு மேலும் கீழும் நகரும் தகடு, கன்னத்தாங்கி பிளைவுட்டில், பிடிக்கு எபாக்ஸி மாவு. பள்ளத்தைத் திறந்து பார்த்தால் என்னுடையதைப் போலவே வெறும் மரம். பூச்சு கொடுத்து, தூண் வைத்து, படுக்கை போட்டோம். திருகை இறுக்கியபின் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது, சைட்டைத் தொடுமுன் அதைப் பார் என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்கெட்டோடு வந்து அளவு பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அடுத்தது வாடை தொடங்கியபின். அப்பாவிடம் மிஞ்சிய பணத்துக்குப் போட்டிப் பெல்லட் டப்பாக்கள் வாங்கச் சொன்னேன்; நான்கைந்து பிராண்டில் ஒவ்வொன்று, அந்தக் குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்க்க.